இழுத்துக் கட்டிய முகம்

ஜூன் 3, செவ்வாய்

மழை. காலையிலிருந்து விடவில்லை. எங்கள் ரப்பர் விளையில் பால்வெட்டு கிடையாது. ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியாகிவிட்டது. ஆனாலும் பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்கக்கூடாது என்கிறார் அப்பா. நாளை அவர் முகத்தில் கத்தி வைக்கப்போகிறார்கள்.

பையில் வைத்தவை: முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டைகள் (தலைவழியாகப் போடுவது கூடாதாம்). உறிஞ்சுகுழல். பிரஷர் மாத்திரை. தோர்த்துத் துண்டு. பழைய பாஸ்போர்ட்.

பாஸ்போர்ட், டாக்டரிடம் காட்ட. முதல் தடவை ஷார்ஜா போவதற்காக எடுத்தது. படத்தில் இருப்பவருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். அடர்ந்த மீசை. தாடை எலும்பு தெரிகிறது. போன மாதமே இதைக் காட்டி, இந்த ஆள் மாதிரி ஆக்கித் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சிரித்தாராம். ஆக்க முடியாது, பக்கத்தில் கொண்டுபோகலாம் என்றாராம்.

யாரும் படிக்கப்போவதில்லை. நேராகவே எழுதலாம்.

அம்மாவுக்கு மறதி நோய். என்னைத் தெரியும். ஆனால் அவளுக்கு நான் இப்போது பத்தாம் வகுப்பு. ஹைதராபாத்தில் நான் பாதியில் விட்டுவந்த ஆய்வேடு அவள் உலகத்தில் இன்னும் தொடங்கவில்லை. அப்பா ஷார்ஜாவில் இருக்கிறார். வேலை முடிந்து ஊர் திரும்பி இந்த வீட்டில் நடமாடும் மனிதர் பால்வெட்ட வந்த ஆள். வேலைக்காரர்களுக்கென்று வைத்திருக்கும் டம்ளரில் அவருக்குச் சாயா கொடுக்கிறாள். மரியாதையாகத்தான். தூங்கப் போகும்போது அறைக்கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்கிறாள்.

ஆனால் போன் இருக்கிறது. அந்தியில் அப்பா மொட்டைமாடிக்குப் போகிறார். தகரக் கூரை போட்ட மூலையில், காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே நின்று அம்மாவை அழைக்கிறார். கல்யாண வாழ்க்கை முழுவதும் அவர்கள் அப்படித்தான் பேசினார்கள். வருடத்துக்கு ஒரு மாதம் ஆள். மற்ற மாதமெல்லாம் குரல். அந்தக் குரலை மட்டும் அம்மா மறக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறாள்.

அப்பாவின் குரல் எனக்கு இரண்டு முறை கேட்கும். முதலில் கூரைக்கு மேலிருந்து. பிறகு அம்மாவின் மடியிலிருந்து.

இன்று:

"அங்க சூடு எப்படி?"

"ரோட்டுல தோசை சுடலாம் புஷ்பம்."

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?"

"ஏசியாக்கும்."

"இஞ்ச அந்த ஆளு இண்ணைக்கும் சும்மா இரிக்கான். மழையில்லா பெய்யுது. சோறு மட்டும் நல்லா எறங்குது."

"தின்னட்டு. பாவம்."

"என்ன பாவம்? எனக்கு அவனைக் கண்டாலே பயமும் பேடியும். கெழவன் என்னையே நோக்கிட்டு இரிக்கான். நீங்க எப்ப வாறிய?"

"லீவு கேட்டிருக்கேன். இந்த மாசம் வந்திருவேன்."

முகத்தோலை இழுத்துத் தைத்து இளமையாக்கும் ஆபரேஷன் அதற்குத்தான். லீவில் வருவதற்கு.


ஜூன் 4, புதன். திருவனந்தபுரம்

சிறிய தனியார் கிளினிக். வெள்ளைச் சுவர். வரவேற்பில் பிளாஸ்டிக் ஆர்க்கிட்.

என்னவெல்லாம் ஆகலாம் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நினைவிலிருந்து:

ரத்தக்கட்டு. தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து தேங்குவது. ஆண்களுக்குக் கூடுதல், தாடி உள்ள தோலுக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால். பிரஷர் இருந்தால் இன்னும்.

முகநரம்பு. பெரும்பாலும் தற்காலிகம். "பெரும்பாலும்" என்பதை இரண்டு தடவை சொன்னார்.

காது மரத்துப்போவது.

காதுக்குப் பின்னால் தோல் கறுத்து உதிர்வது.

தழும்பு. காதுமடல் கீழே இழுபடுவது. மயிர்க்கோடு இடம் மாறுவது.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமையாதது.

தொற்று. மயக்கமருந்து.

கடைசியில், செய்தது பிடிக்காமல் போவது. அதுவும் பட்டியலில் உண்டு.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கேட்டது ஒன்றே ஒன்று.

"பேசலாமா டாக்டர்?"

"கொஞ்ச நாளைக்கு வேண்டாம். சத்தமா பேசவே கூடாது. குனியக்கூடாது. சிரிக்கிறதுகூடப் பாத்து."

"போன்ல?"

"போனும் பேச்சுதானே."

எதற்காகச் செய்துகொள்கிறார் என்று டாக்டருக்குத் தெரியாது. மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லிவைத்திருக்கிறார். டாக்டர் என்னைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

மாலையில் பார்க்க விட்டார்கள். தலை முழுக்கப் பஞ்சும் துணியும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சின்ன ஜன்னல் அளவுக்குக் கண்ணும் மூக்கும் வாயும். காதுகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு குழாய்கள். ரத்தம் மெதுவாக வடிந்து குப்பிகளில் சேர்கிறது. ரப்பர் மரச் சிரட்டையில் பால் சேர்வதைப்போல என்று எழுதத் தோன்றுகிறது. மலிவான உவமை. ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

தங்கம் அக்கா போன் செய்தாள். பக்கத்து வீடு. நாங்கள் வரும்வரை அம்மாவுக்குத் துணை.

"அம்மை போனை மடியில வச்சிட்டு இரிக்கா. சோறு வேண்டாம்ங்கா."

அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அப்பாவுக்கு இன்று டூட்டி என்றேன்.

"டூட்டியானாலும் விளிப்பாரே" என்றாள் அம்மா. பிறகு, "நீ எங்க நிக்க? பள்ளிக்கூடம் விடலியா?"


ஜூன் 6, வெள்ளி

குழாய்களை எடுத்தாகிவிட்டது. பக்கத்து லாட்ஜில் தங்கச் சொன்னார் டாக்டர். அப்பா கேட்கவில்லை. அம்மா இரண்டு அந்தி போனுக்குக் காத்திருந்திருக்கிறாள். அவருக்கு அது மட்டும்தான்.

காரில் வழியெல்லாம் பேசவில்லை. கழுத்து திருப்பவில்லை. களியக்காவிளை தாண்டியதும் மழை மறுபடியும்.

வாசலில் அம்மா. நெற்றியில் நாமம், தலை சீவி, சுத்தமாக. கட்டுப்போட்ட தலையை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏட்டி, அந்த ஆளுக்கு என்னாச்சு?"

"கடந்தல் குத்திச்சும்மா." காரிலேயே யோசித்துவைத்த குளவிப் பொய். ஊருக்கும் அதுதான்.

"எங்க?"

"விளையில."

"நல்லா வேணும்." பிறகு அவரிடமே, "வலிக்கா?"

அப்பா கையை லேசாக அசைத்தார்.

"ஊமையும் ஆயிட்டான்" என்றாள். உள்ளே போய்ச் சாயா எடுத்துவந்தாள். அதே டம்ளர். ஆனால் ஆற்றி, உறிஞ்சுகுழலை மடக்கி, அவர் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா குடித்து முடிக்கும்வரை நான் அடுக்களையில் போய் நின்றுகொண்டேன்.

அந்தி. நான் ஒளித்துவைத்த போனைக் கேட்டுக் கையை நீட்டினார். ஒற்றை விரலைக் காட்டினார். ஒரு நிமிடம். கொடுத்தேன்.

ஒரு நிமிடத்தில் முடியவில்லை. மாடியில் மழைச் சத்தம். சிக்னல் வந்துவந்து போனது. அந்தக் காலத்தில் கல்ஃபில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் போனில் கத்திக் கத்தித்தான் பேசுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கவேண்டுமே. "ஹலோ. ஹலோ. கேக்குதா? புஷ்பம், கேக்குதா?"

இரண்டு நாள் கூப்பிடாததற்கு அம்மா திட்டினாள். நன்றாகத் திட்டினாள். "அங்க வேற ஆரையும் கெட்டிட்டியளா?" அப்பா சிரித்தார். சிரிப்பு கூரைக்கு மேலிருந்து கேட்டது. பிறகு அம்மாவின் மடியிலிருந்து.

இறங்கி வந்தபோது கட்டு ஒரு பக்கம் இறுகியிருந்தது. இடது காதுக்குக் கீழே, துணிக்கு அடியில், முட்டை வைத்ததுபோல். தொட்டேன். கல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கண் சுருங்கியது. கன்னம் நீலமாக ஏறிவந்தது.

டாக்டர் போனில்: "உடனே கெளம்புங்க. வண்டியில சாஞ்சு உக்காரட்டும். படுக்கவேண்டாம்."

கார் ஏறும்போது அம்மா குடையோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

"இந்த ஆளு தப்பமாட்டான். அவனுக்க வீட்டுல சொல்லியாச்சா?"


ஜூன் 8, ஞாயிறு. கிளினிக் பக்கத்து லாட்ஜ்

தையலைப் பிரித்து, உறைந்த ரத்தத்தை எடுத்து, மறுபடியும் தைத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். கோபம்கூட இல்லை.

"பேசினாரா?"

"போன்ல."

"யார்கிட்ட?"

"அம்மாகிட்ட."

"அம்மா வீட்டுலதானே இருக்காங்க? நேர்ல மெதுவா பேசக்கூடாதா?"

நான் அப்பாவின் கட்டில் பக்கம் நகர்ந்தேன்.

டாக்டர் அவரைப் பல்லைக் காட்டச் சொன்னார். கீழுதட்டின் வலப்பக்கம் இறங்கியது. இடப்பக்கம் அப்படியே நின்றது. வேறொருவருடைய உதடுபோல. நரம்பு அறுபடவில்லையாம். தேங்கிய ரத்தம் அழுத்தியிருக்கிறது. வீக்கம் வேறு. மாதக்கணக்கில் ஆகலாம். பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவது "பெரும்பாலும்".

இரண்டு நாளும் அம்மாவுக்குப் பொய் சொன்னேன். அப்பா டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார். அப்பா வேறு சைட்டில் இருக்கிறார். பொய்கள் நன்றாக வருகின்றன. ஆய்வேட்டில் ஒரு வரியும் வரவில்லை.


ஜூன் 12, வியாழன்

வீடு. வெயில் கொஞ்சம்.

குளியலறைக்குள் அப்பா ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். புஷ்பம். உதடு சேரவேண்டிய இடங்களிலெல்லாம் காற்று ஒழுகுகிறது. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு சொல்கிறார், எனக்குக் கேட்கக்கூடாது என்று.

மதியம் மாடிக்குப் போய் என்னை அழைத்தார். ஒத்திகை. காதில் வைத்தேன். எனக்குத் தெரியாத ஒருவர் பேசினார். தடித்த, ஈரமான குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல். "எப்படி இருக்கு மக்களே?" என்று கேட்டது அந்தக் குரல்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அந்தியில் அம்மா போனை எடுத்தாள்.

"ஆரு?"

"நான்தான்."

"நான்தான்னா ஆரு?"

"நான்தான், புஷ்பம். ஷார்ஜால இருந்து."

அம்மா போனை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"அவருக்க போன் ஒனக்கு எப்படி கிட்டிச்சு?"

மேலே அப்பா இருமினார். தரையில் போனும் இருமியது.

பிறகு அம்மா முதல்முறையாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். இத்தனை நாள் அந்தக் குரல் கூரையிலிருந்தும் வருவதை அவள் கவனித்ததே இல்லை.

"மேல ஆரோ நிக்கான்" என்றாள்.


ஜூன் 15, ஞாயிறு

தையல் பிரித்தார்கள். இடது காதுக்குப் பின்னால் தோல் காசு அளவுக்குக் கறுத்துவிட்டது. தானாக உதிர்ந்து அடியிலிருந்து புதுத்தோல் வருமாம். தினமும் நான்தான் மருந்து வைக்கவேண்டும்.

இன்று காதுக்குப் பின்னால் பஞ்சை வைத்தேன்.

"கன்னத்தை என்னத்துக்குத் தொடுக?" என்றார்.

"கன்னத்தைத் தொடலப்பா."

அவர் நம்பவில்லை. கண்ணாடி எடுத்துக் காட்டினேன். பார்த்தார். பார்த்தபிறகும் தொடுகை கன்னத்தில்தான் தெரிந்ததாம்.

இன்னொன்று. கன்னத்துத் தோலைப் பின்னால் இழுத்துத் தைத்ததில் தாடியும் கூடவே போய்விட்டது. காதுக்குப் பின்னால் நரைத்த ரோமம் முளைக்கிறது. டாக்டர் முன்பே சொல்லியிருக்கவேண்டும். அல்லது சொல்லி, நாங்கள் கேட்டிருக்கமாட்டோம். இனி வாழ்நாள் முழுக்க அங்கேயும் சவரம்.

வீக்கம் வடிகிறது. மஞ்சள் திட்டுகள் மட்டும். முகம் வழவழப்பாக இருக்கிறது. நெற்றியிலும் கையிலும் பழைய வயது. நடுவில் மட்டும் வேறு வயது. எதைச் சொன்னாலும் முகத்தில் அது வந்துசேரத் தாமதமாகிறது. சில வரவே இல்லை. வருத்தப்படுகிறாரா என்று அறியக் கண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

மாலையில் அத்தை. அப்பாவின் அக்கா. ஒரு சீப்பு ஏத்தன்பழத்தோடு.

"கடந்தல் குத்தி இம்புட்டு அழகாவா? ஏலே, அந்தக் கூடு எங்கண்ணு சொல்லு. நானும் போய் மொகத்தைக் காட்டிட்டு வாறேன்."

அப்பா சிரித்தார். பாதி உதடு சிரித்தது. அத்தை அதற்குமேல் கேலி பேசவில்லை. கிளம்பும்போது கேட்டருகே வந்து என் கையைப் பிடித்தாள்.

"எனக்க தம்பியை நான்தான் இடுப்புல வச்சு வளத்தேன். சின்னதுல அவனுக்க மொகம் இப்படி இல்ல பிள்ளே. இது வேற ஆரோ."

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மை. போன மாதம் இருந்தவரும் இல்லை. படத்தில் இருப்பவரும் இல்லை. இவர் மூன்றாமவர். இடைப்பட்ட எந்த வருடத்திலும் இப்படி ஒருவர் இருந்ததில்லை.


ஜூன் 18, புதன்

போன் பேச்சு நின்றுவிட்டது. அம்மா அந்தியில் மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். அடித்தாலும் எடுப்பதில்லை. எடுத்தால் அந்தத் திருடன் பேசுவானாம்.

இன்று தங்கம் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னைச் சின்னப்பிள்ளை என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி:

"போன்ல பேசுனது அவன்தான். பால்வெட்ட வந்தவன். மச்சில நிண்ணு பேசுகான், நான் கேட்டேன்."

"அப்படியெல்லாம் இருக்காதும்மா."

"பின்ன எனக்க ஆளுக்க போன் அவனுக்க கையில எப்படி வந்து? அவரு லீவுல வந்திருக்காரு. வழியில வச்சு என்னமோ செய்திருக்கான். முன்ன கெழவனா இருந்தான், கண்டியா? இப்பம் பாரு. பாம்பு தொலி உரிச்ச மாதிரி உரிச்சிருக்கான்."

தங்கம் அக்கா என்னைப் பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன்.

தர்க்கத்தில் பிழை இல்லை. அதுதான் பயம். போனில் பேசியவரும் வீட்டில் இருப்பவரும் ஒருவரே என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். நாங்கள் எத்தனையோ தடவை சொல்லி ஏற்காததை. ஆனால் அதிலிருந்து அவள் போய்ச்சேர்ந்த இடம் வேறு.

அவருக்குச் சாயா கொடுப்பதை நிறுத்திவிட்டாள். அவர் தொட்ட பாத்திரத்தைத் தொடுவதில்லை. படுக்கை விரிக்கும்போது பார்த்தேன், அவள் தலையணைக்கு அடியில் பால்வெட்டுக் கத்தி.

அப்பாவிடம் காட்டினேன். அவர் அதை வாங்கி, முனையை விரலால் தொட்டுப்பார்த்தார்.

"அங்கேயே வச்சிரு. அவளுக்கு ஒரு தைரியத்துக்கு."

வைக்கவில்லை.

கேட்கக்கூடாததைக் கேட்டேன். ஏன் இதைச் செய்துகொண்டீர்கள், குரல் இருந்ததே.

சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே தள்ளுவதுபோல் சொன்னார். அங்கே இருந்த வருடமெல்லாம் குரல்தான். இங்கே வந்தும் குரலாகவே இருக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.


ஜூன் 20, வெள்ளி

மழை, காற்று. மின்சாரம் இல்லை.

காலையில் அம்மா தெளிவாக இருந்தாள். மிகத் தெளிவாக. குளித்து, எங்கள் அய்யாவழி நாமத்தை இட்டுக்கொண்டு வந்து சொன்னாள்.

"ஞாயிறாச்ச தாங்கலுக்குக் கும்பிடப் போணும். அய்யாட்ட கேக்கணும். எனக்க ஆளு உண்டா, இல்லியான்னு."

"கேட்டு?"

"உண்டுண்ணு மனசுல பட்டா சரி. இல்லேன்னா தாலியைக் கழத்தி அங்க வச்சிட்டு வருவேன். பொய்யா கெட்டிட்டு நடக்கப்பிடாது."

நான் பேச வாயெடுத்தேன். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நீ கொச்சுப்பிள்ளை" என்றாள்.

முன்னறையில் அப்பா. சுவருக்கு அந்தப் பக்கம். எல்லாம் கேட்டிருக்கும். நான் போனபோது காதுக்குப் பின்னால் சவரம் செய்துகொண்டிருந்தார், மரத்துப்போன இடத்தில், பார்க்காமல். ரத்தம் வந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"நானும் வாறேன்" என்றார்.


ஜூன் 22, ஞாயிறு

சாரல். கோதையாற்றில் தண்ணீர் கலங்கி ஓடுகிறது.

கூட்டம் கலைந்தபிறகு போனோம். நானும் அம்மாவும் ஆட்டோவில். அப்பா கூட ஏறினால் அம்மா இறங்கிவிடுவாள். ஆகவே அவர் குடை பிடித்து நடந்துவந்தார். ஆட்டோக்காரரைக் காத்திருக்கச் சொன்னேன்.

நிழல்தாங்கல், எங்கள் ஊர்க் கோயில், சின்னது. ஓட்டுக்கட்டடம். அய்யாவழிக்காரர்களின் பள்ளியறை என்னும் கருவறைக்குள் சிலை கிடையாது. ஆளுயரக் கண்ணாடிதான். இரண்டு பக்கமும் விளக்கு. கும்பிட வருகிறவர் தன்னையேதான் பார்க்கவேண்டும். சின்னவயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பெருமையாக. இன்று வாசலிலேயே கால் நின்றுவிட்டது. அம்மா நோய் வந்தபிறகு இங்கே வந்ததில்லை. கண்ணாடியில் யாரைக் காண்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

பணிவிடைக்காரர் அம்மாவுக்கு நாமம் இட்டார். அம்மா கண்களை மூடியபடி எதிரே போய் நின்றாள். வலது கை தாலியைப் பிடித்திருந்தது. உதடு அசைந்தது.

அப்பா வந்துசேர்ந்தார். சட்டையைக் கழற்றினார். ஆண்கள் இங்கே தலைப்பாகை கட்டித்தான் நிற்கவேண்டும். வெள்ளைத் துணியை எடுத்து, டாக்டர் சொன்னபடி தளர்வாகச் சுற்றிக்கொண்டார். காதுகள் மறைந்தன. தழும்புகள் மறைந்தன. நெற்றிச் சுருக்கத்தின்மேல் நாமம். ஓசையில்லாமல் வந்து அம்மாவுக்கு இடப்பக்கம், ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்.

நான் பின்னால், தூணருகே. எனக்கு இருவருடைய முதுகும் தெரிந்தது. கண்ணாடியில் இருவருடைய முகமும்.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

முதலில் விளக்கைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் அப்பாவை. வெகுநேரம். பேசினால் எல்லாம் போய்விடும் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கும்.

தாலியைப் பிடித்திருந்த கை மெதுவாகக் கீழே வந்தது.

"எப்ப வந்திய?" என்றாள் அம்மா.

பக்கத்தில் திரும்பவில்லை. கண்ணாடியிடம் கேட்டாள். போனில் பேசுகிற அதே குரலில். கொஞ்சம் கோபம், கொஞ்சம் வெட்கம்.

அப்பா தலையை மட்டும் அசைத்தார். கண்ணாடியிலிருந்தவரும் அசைத்தார். அவர் முகத்தில் ஒன்றும் வரவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்தில் இறங்கியதை அவர் உணரவில்லை, துடைக்கவும் இல்லை.

"மெலிஞ்சு போயிட்டிய. அங்க சாப்பாடு இல்லியா?"

தலையசைப்பு.

ஆயிற்று, இவ்வளவு போதும், இப்போதே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். உண்மையில் அதை நினைத்து முடிக்கவில்லை.

அம்மாவின் பார்வை அப்பாவிடமிருந்து சற்று நகர்ந்தது. அவருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

"ஒங்க பக்கத்துல நிக்கது ஆரு?"

விளக்கில் திரி படபடத்தது.

"அந்தக் கெழவி ஆரு? ஒங்ககூட வந்தவளா?"

அப்பா வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. பிறகு, உதட்டை ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கேட்டும் கேட்காமலும் சொன்னார்.

"கூட வந்தவதான்."

அம்மா கண்ணாடியையே பார்த்தாள். மரியாதைக்காகச் சற்று விலகி இடம் விட்டாள். அங்கே கிழவியும் விலகினாள். அம்மா நெற்றியைச் சுருக்கினாள். அங்கேயும்.

"அவளுக்க நோட்டம் சரியில்ல" என்றாள் தாழ்ந்த குரலில். "ஆருமில்லாதவ போல இரிக்கு. செரி, விட்டுட்டுப் போவண்டாம். மழையில்லா பெய்யுது."

வெளியே வந்தோம். அப்பா தலைப்பாகையை அவிழ்க்கவில்லை. அம்மா அவரை ஆட்டோவில் ஏற விட்டாள். ஓரத்தில் அவர். பிறகு நான் ஏறினேன், பின்னால் திரும்பிக் கையை நீட்டினேன். அம்மா ஏறவில்லை. சாரலில் நின்று, தாங்கல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறும்மா."

"நீங்க நெருங்கி இரிங்க. அந்தக் கெழவி முதல்ல ஏறட்டு."

ஆட்டோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் என்ஜினை அணைத்துவிட்டார். அப்பா நகர்ந்தார். நானும் நகர்ந்து இடம் விட்டேன்.

காத்திருந்தோம்.